ஜூனியர் டென்னிஸ் முடியப்போகிறது, அடுத்து என்ன?

வணக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். அண்ணன் மகனுக்கு 17 வயது. ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) ஜூனியர் போட்டிகளில் நன்றாக ஆடுகிறான், பயிற்சி பெங்களூரில். சர்வ் போடும்போது இழுபட்டு இழுபட்டு வலது ஷூவின் முனை தேய்ந்து சாக்ஸே தெரிகிறது. அண்ணனுக்கு மாந்தோப்பு வருமானம்தான்.

18 வயதாகும் ஆண்டோடு ஜூனியர் ஆட்டம் முடிந்துவிடும். அப்புறம் ஆண்களுக்கான தொழில்முறைப் போட்டிகளில் எம்15, எம்25, சேலஞ்சர் என்று கீழ்மட்டத்திலிருந்து படிப்படியாக ஏற வேண்டும். எம்15 போட்டியின் மொத்தப் பரிசே 15,000 டாலர். அதை அத்தனை பேரும் பங்கு போட்டால், முதல் சுற்றில் தோற்றவனுக்கு ரூம் வாடகைகூடத் தேறாது. இந்திய வீரர் யூகி பாம்ப்ரி 2009இல் ஆஸ்திரேலிய ஓபன் ஜூனியர் பட்டமே வென்றவர். அவரையே காயங்கள் பல வருடம் வழிமறித்தன. பிறகு இரட்டையர் ஆட்டத்துக்கு மாறினார்.

இன்னொரு வழி, ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்கக் கல்லூரி. படிப்பும் இருக்கும், ஆட்டமும் நிற்காது. என் மனசு அந்தப் பக்கம்தான். பையனோ நேரே களத்தில் இறங்கணும் என்கிறான்.

பிள்ளைகளை இதில் அனுப்பியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு எப்போது எழுத வேண்டும், ஆட்ட வீடியோவில் என்ன காட்ட வேண்டும்? பரிசுப் பணம் வாங்கினால் கல்லூரி வாய்ப்பு போய்விடுமா? ஓசூர் பக்கம் பயணச் செலவுக்கு ஸ்பான்சர் செய்யும் கம்பெனி தெரிந்தாலும் சொல்லுங்கள். இன்பாக்ஸிலும் எழுதலாம்.