761838257287 பகா எண் என்று தாளிலேயே காட்ட உதவி தேவை

2^67 − 1 = 193707721 × 761838257287. 1903இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஃபிராங்க் நெல்சன் கோல் காட்டிய காரணிகள். இரண்டாவது காரணி பகா எண்தான் என்பதை மாணவர்கள் கையால் சரிபார்க்கிற மாதிரி எழுத வேண்டும்.

நேர்வழி: இதன் எந்தக் காரணியும் 134இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும்; 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. வர்க்கமூலம் 872833 வரை தேடினால், 3, 5இன் மடங்குகளைக் கழித்தும் 1738 வகுத்தல். யார் உட்கார்ந்து போடுவது?

குறுக்குவழி போக்லிங்டன் முறை (கனமூல அளவே போதும் என்ற பிற்கால விரிவாக்கத்தோடு): எண்ணில் 1 குறைத்து, அதன் சில காரணிகளை மட்டும் வைத்தே எண் பகா எண் என்று காட்டலாம். எண்ணில் 1 குறைத்தால் 2 × 3² × 29 × 67 × 21782989. கடைசியை விட்டால் பெருக்கம் 34974. நம் எண்ணின் கனமூலம் 9133தான், பெருக்கம் அதைவிடப் பெரியது; எனவே ஒரு கூடுதல் சோதனையோடு இது போதும். 21782989 = 622 × 34974 + 29161; 29161² − 4 × 622 வர்க்க எண் அல்ல. இதுவரை சரி.

சிக்கல் அடிமானத்தில்: 2, 3, 29, 67 ஒவ்வொன்றுக்கும் ஓர் அடிமானம் வேண்டும். அதன் (எண் − 1)ஆம் அடுக்கை நம் எண்ணால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும்; அந்த அடுக்கை அந்தக் காரணியால் வகுத்துப் போட்டால் வரும் மீதியில் 1 குறைத்தது நம் எண்ணோடு பொதுக் காரணி இல்லாததாக இருக்க வேண்டும். 2-ஐ எடுத்தால் 67க்கு மட்டும் உதவும்: 2இன் 67ஆம் அடுக்கே மீதி 1 தருவதால் மற்ற மூன்றிலும் 1தான் வரும். 2க்கு அடிமானம் 3 பொருந்தும். 3க்கும் 29க்கும் மிகச் சிறிய அடிமானம் எது? பைத்தானில் பார்த்து, இடைநிலை மீதிகளோடு போடுங்கள். எக்செல் வேண்டாம், 15 இலக்கத்துக்கு மேல் பூஜ்ஜியமாக்கிவிடும்.