புதுப்பிப்பு: பழைய டீசல் எஸ்யூவி, எரிந்துகொண்டே இருந்த எச்சரிக்கை விளக்கு

இரண்டாம் கையாக வாங்கிய என் சிறிய டீசல் எஸ்யூவி இழுக்க மறுக்கிறது, எஞ்சின் விளக்கும் அணைவதில்லை என்று எழுதியிருந்தேன். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைப் பாருங்கள், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பாருங்கள் என்றீர்கள். இரண்டிலும் குறையில்லை. அடைத்திருந்தது டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி.

2020 ஏப்ரலில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதி வந்தபின் டீசல் கார்களில் இது வழக்கமாகிவிட்டது. சேரும் கரியை எஞ்சினே சுமார் 600 டிகிரி வெப்பத்தில் எரித்துக்கொள்ளும். அதற்குச் சீரான வேகத்தில் நெடுந்தூரம் ஓட வேண்டும். இந்த வண்டியோ சென்னை நெரிசலிலேயே காலம் தள்ளியிருக்கிறது.

மெக்கானிக் எஞ்சின் ஆயிலின் மட்டம் பார்க்கும் கம்பியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. "முகர்ந்து பாருங்கள் சார்" என்றார். டீசல் நெடி! கரியை எரிக்கப் பீய்ச்சிய டீசல், எரிப்பு பாதியில் நின்றுபோகும் போதெல்லாம் ஆயிலில் இறங்கியிருக்கிறது. நீர்த்த ஆயில் டர்போவின் பேரிங்கைத் தின்றுவிடும்.

கணினியை இணைத்துக் கரியை எரித்தார்கள், ஆயிலும் மாற்றியாயிற்று. வண்டி நன்றாக இழுக்கிறது. வடிகட்டியையே கழற்றிவிடும்படி ஒருவர் சொன்னார். ஊரார் மூச்சில் கரியை விட எனக்கு மனமில்லை.

விற்றவர்மேல் கோபம் தீரவில்லை. வண்டியின் கணினியில் இருந்த பிழைப் பதிவை அழித்துவிட்டு விற்றிருக்கிறார். வாங்கப்போகிறவர்கள் அந்தக் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியில் 'பதிவு அழித்தபின் ஓடிய தூரம்' எவ்வளவு என்று பாருங்கள். அது மிகக் குறைவாக இருந்தால் காரணம் கேளுங்கள். இனி வாரந்தோறும் செங்கல்பட்டு வரை ஓட்டப்போகிறேன். ஆயில் மட்டம் மீண்டும் ஏறினால் எழுதுகிறேன்.