டர்போ காரில் ஸ்பார்க் பிளக்: இடைவெளியை அளக்க வேண்டுமா?

கேள்வி

வணக்கம். என்னுடையது 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் கார். சாதாரணமாக ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. மேட்டில் ஐந்தாவது கியரிலேயே ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மட்டும் வண்டி திக்கித் திக்கிப் போகிறது. பிளக் மாற்றும் நேரமும் வந்துவிட்டது. இரிடியம் பிளக் வாங்கிவிட்டேன், வீட்டிலேயே மாற்றப் போகிறேன். பொறி தாவும் இரு முனைகளுக்கு நடுவே சரியான இடைவெளி வைத்தே வருகிறது என்கிறார்கள். அப்படியே மாட்டிவிடலாமா?

பதில் 1

அளந்துவிட்டு மாட்டுங்கள் சார். டர்போ காற்றைத் திணிக்கத் திணிக்க சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். பொறி தாவ அப்போது கூடுதல் வோல்டேஜ் வேண்டும். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்குக்கு, மின்சாரம் அனுப்பும் காயிலால் அதைக் கொடுக்க முடிவதில்லை. அதனால்தான் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஏறும்போது மட்டும் திக்குகிறது. பல டர்போ எஞ்சின்களுக்கு 0.7, 0.8 மி.மீ. என்றுதான் இருக்கும், ஆனால் உங்கள் கையேட்டில் உள்ள எண்தான் கணக்கு. ஒரே பிளக் பல எஞ்சின்களுக்குப் போவதால் பெட்டியிலிருந்து வரும் அளவை நம்ப முடியாது. கம்பி கேஜால் அளங்கள். காசு மாதிரி வட்டமாக இருக்கும் கேஜை நுழைத்து நெம்பினால் நடு முனை உடைந்துவிடும், சிலவற்றில் அது 0.4 மி.மீ. தடிமன்தான்.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். பிளக் மாட்டியிருக்கும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை போய்விடும். காயிலை எடுத்ததும், பிளக்கைத் தொடுவதற்கு முன்பே, பிளக் இருக்கும் குழிக்குள் காற்றடித்துத் தூசியை வெளியேற்றுங்கள்.

மாட்டும்போதுதான் பொறுமை வேண்டும். ராட்செட் வேண்டாம், எக்ஸ்டென்ஷனை விரலால் பிடித்து முதலில் பின்பக்கமாக (கழற்றும் திசையில்) மெல்லச் சுற்றுங்கள். மரை சேரும் இடத்தில் பிளக் 'டிக்' என்று லேசாக இறங்குவது விரலுக்கே தெரியும். அங்கிருந்து முன்பக்கம் சுற்றுங்கள். விரல் பலத்திலேயே அடிவரை போக வேண்டும். பாதியில் இறுகினால் கோணலாகப் பிடித்திருக்கிறது. உடனே வெளியே எடுங்கள். கடைசி இறுக்கத்துக்கு மட்டும் டார்க் ரெஞ்ச் (குறித்த இறுக்கம் வந்ததும் கிளிக் ஆகும் ஸ்பேனர்).

பதில் 2

மரையில் கொஞ்சம் காப்பர் கிரீஸ் தடவிவிடுங்கள். அடுத்த முறை சுலபமாகக் கழலும்.

பதில் 1

அது மட்டும் வேண்டாம் நண்பரே. இப்போது வரும் பிளக்குகளின் மரையிலேயே துருப்பிடிக்காத பூச்சு இருக்கிறது. மேலே கிரீஸும் தடவினால் உராய்வு குறையும். ரெஞ்ச் சரியான எண்ணில் கிளிக் ஆனாலும் பிளக் அளவுக்கு மீறி இறுகியிருக்கும்.

கேள்வி கேட்டவர்

மாற்றிவிட்டேன், மிக்க நன்றி. பழைய பிளக்குகளில் 0.95 வரை அகன்றிருந்தது, கையேட்டில் 0.75. மேட்டில் இப்போது திக்கலே இல்லை. ஆனால் மூன்றாவது குழியில் எண்ணெய் ஈரம் இருந்தது. டர்போ போய்விட்டதா?

பதில் 1

டர்போவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிளக்கின் முனையில் எண்ணெய் இருந்தால்தான் அந்தக் கவலை. குழியில் இருந்தால் வால்வ் கவர் பக்கத்து ரப்பர் சீல் கசிகிறது. சீலைச் சீக்கிரம் மாற்றிவிடுங்கள், எண்ணெய் ஊறினால் காயிலின் ரப்பர் உறை உப்பிக் கெட்டுவிடும்.