மறு: பானெட் மேல் பொருத்தும் காற்று வழிக்கு என்ன பெயர்? (வாரி / காலதர் / திமில்)

வணக்கம் நண்பர்களே,

கார் சொற்களின் தமிழ்த் தொகுப்புக்காக, பானெட் (எஞ்சின் மூடி) மேல் காற்று போக இருக்கும் திறப்புக்கு, அதாவது ஆங்கிலத்தில் 'ஹூட் ஸ்கூப்' என்பதற்கு, நீங்கள் சொன்ன பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

> காற்றை வாரி எஞ்சினுக்குள் தள்ளுவதால் 'காற்றுவாரி' பொருந்தும். 'மண்வாரி' ஏற்கெனவே வழக்கில் உள்ளதே.

சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பொருள் நிஜமாகவே காற்றை வாருகிறதா என்று பார்த்துவிடுவோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றை முழுவதுமாகப் பிடித்தாலும், கிடைக்கும் கூடுதல் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. 160 கி.மீ. போனால் ஒரு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பலன் வருவது குளிர்ச்சியால். பானெட்டுக்குள் 60 டிகிரி, வெளியே 30 டிகிரி என்றால் வெளிக்காற்று ஏறத்தாழ 10 சதவீதம் அடர்த்தி கூடியது. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் அந்தக் காற்றைக் குடித்தால்தான் எஞ்சினுக்கு லாபம்.

தவிர, எல்லாம் முன்பக்கம் பார்த்துத் திறப்பதில்லை. 1969 கமாரோ என்ற அமெரிக்கக் காரில் விருப்பத்தின் பேரில் கிடைத்த பானெட்டின் திறப்பு பின்னால், காரின் முன்கண்ணாடியைப் பார்த்து இருந்தது. ஓடும் காரில் கண்ணாடியின் அடிவாரத்தில் காற்று மோதித் தேங்கி அழுத்தம் ஏறும், அங்கிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். முதுகைக் காட்டி நிற்பதை 'வாரி' என்று எப்படிச் சொல்வது?

> 'காலதர்' என்ற சிலப்பதிகாரச் சொல்லை மீட்கலாம். கால் = காற்று, அதர் = வழி.

எனக்கும் ஆசைதான். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் 'பானெட் காலதர்' என்றால் பானெட்டுக்குக் கால் எங்கே என்று கேட்பார்கள். விட்டுவிடலாம்.

> காளையின் திமில் போல் எழும்பி நிற்கிறது. 'திமில்' போதும்.

இது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் மேட்டுக்குத்தான் சரி, திறப்புக்குச் சரிவராது. 1971 மஸ்டாங் மாக் 1 காரில் பானெட்டுக்குள் பதிந்த பள்ளமான திறப்புகள் உண்டு. அங்கே திமிலே கிடையாது. மறுபுறம், 1969 மாக் 1 காரில் வழக்கமாக வந்த மேடு வெறும் அலங்காரம், அதன் வழியே காற்று போகாது. அதே வண்டியில் இன்னொரு வகையும் வந்தது. அது பானெட்டோடு சேராமல் எஞ்சின் மேலுள்ள காற்று வடிகட்டியோடு சேர்ந்து, பானெட்டில் வெட்டிய ஓட்டை வழியே வெளியே துருத்தி நிற்கும். எஞ்சின் குலுங்கும்போது அதுவும் குலுங்கும். ஆக, மேடு வேறு, வாய் வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் குழப்பம்தான்.

பழைய காரில் கடையில் வாங்கிய ஃபைபர்கிளாஸ் திமிலைப் பொருத்துகிறவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். ஒட்டினால் மட்டும் காற்று வராது. பானெட்டை வெட்ட வேண்டும், அதுவும் அடியிலுள்ள முட்டுச் சட்டங்களைத் தொடாமல். வெட்டினாலும், வடிகட்டிக்கும் திறப்புக்கும் நடுவே ரப்பர் அடைப்பு இல்லாவிட்டால் எஞ்சினின் சூடான காற்றே கலந்து உள்ளே போகும். வாய் மிகத் தாழ்வாக இருந்தாலும் வீண், தகட்டை ஒட்டி ஓடும் காற்று மந்தமானது. மழைத் தண்ணீர் வடிய ஒரு துளையும் வேண்டும். இன்னொன்று: இரும்புத் தகடும் ஃபைபர்கிளாஸும் வெயிலில் ஒரே அளவு விரிவதில்லை. இடைவெளியில் பட்டி பூசி மறைத்துப் பெயின்ட் அடித்தால், நாளாவட்டத்தில் அந்தக் கோடு விரிசலாகத் தெரியும். போல்ட் போட்டு இணைப்பை வெளியே தெரியவிடுவதே மேல் என்பது என் கட்சி.

சரி, சொல்லுக்கு வருவோம். 'வளிவாய்' என்று முன்மொழிந்தவர் மன்னிக்கவும். ளகரம் கொஞ்சம் சறுக்கினால் பல் டாக்டரிடம் போக வேண்டியதாகிவிடும். 'காற்றுவாய்' என்றே வைப்போம். முன்னே திறந்தால் முன்வாய், கண்ணாடிப் பக்கம் திறந்தால் பின்வாய், பதிந்திருந்தால் பள்ளவாய், எஞ்சினோடு குலுங்குவது அதிர்வாய். மேட்டுக்குத் திமில், காற்றே போகாத அலங்கார மேட்டுக்கு வெறுந்திமில்.

'ஹூட்' என்று எழுத்துப்பெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்கர்களுக்கு அது எஞ்சின் மூடி. பிரிட்டிஷ்காரர்களுக்கோ திறந்த காரின் மடக்குக் கூரை. நம் மெக்கானிக்குகள் சொல்லும் 'பானெட்' இருக்கட்டும்.

தொகுப்புக்கு என் வரைவு:

காற்றுவாய் – பானெட்டின் வழியே எஞ்சினுக்கு வெளிக்காற்றைக் கொண்டு சேர்க்கும் திறப்பு. மேடாக எழும்பி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

மேலே சொன்ன ரப்பர் அடைப்புக்குத் தொகுப்பில் 'பீடிங்' என்றே எழுதியிருக்கிறேன். கதவு ரப்பருக்கும் அதே பெயர் என்பதால் யாராவது மாற்றுச் சொல் தந்தால் சேர்த்துக்கொள்கிறேன்.