டிக் ஜான்சன் டீம்: அந்தப் பாறை கதை என்ன?

கேள்வி:
ஆஸ்திரேலியா சூப்பர்கார்ஸ் கார் ரேஸ் இப்பதான் பாக்க ஆரம்பிச்சிருக்கேன், டிக் ஜான்சன் ரேசிங் டீம்னு சொன்னாலே எல்லாரும் ஒரு பாறை கதைய இழுக்கறாங்களே, என்னங்க அது?

பதில் 1:
1980 பாத்தர்ஸ்ட் ரேஸ்ங்க, ஆஸ்திரேலியாவோட பெரிய கார் ரேஸ் அது. கையில இருந்த காசெல்லாம் போட்டு ரெடி பண்ண நீலக் கலர் ஃபோர்டு ஃபால்கன்ல டிக் ஜான்சன் முன்னாடி போயிட்டு இருந்தாரு, மலை மேல நடு ரோட்ல பெரிய பாறை, பக்கத்துல இழுவை வண்டி வேற நிக்குது, ஒதுங்க இடமே இல்ல, மோதி கார் நொறுங்கிடுச்சு. டிவில கண் கலங்கி பேசினதப் பாத்து ஜனங்க போன் பண்ணி பணம் குடுக்க ஆரம்பிச்சாங்க, ஃபோர்டு கம்பெனியும் அதுக்கு ஈடா போட்டுச்சு. மறுவருஷம் 1981ல ஜான் ஃப்ரெஞ்ச்ங்கற டிரைவர் கூட சேந்து அதே பாத்தர்ஸ்ட்ட ஜெயிச்சாரு, சாம்பியன்ஷிப்பும் அவருக்குத்தான்!

பதில் 2:
எனக்கு டிக் ஃபோர்டு சியரா கார் ஓட்டின காலம்தான் உசுரு. 1988, 89 ரெண்டு வருஷமும் டர்போ சியராவுல டைட்டில், 89ல ஜான் போவோட பாத்தர்ஸ்ட்டும்.

பதில் 3:
அமெரிக்க ரேஸ் டீம் ஓனர் பென்ஸ்கி இந்த டீம்ல கூட்டு சேந்தப்புறம் நடந்ததையும் பாருங்க, டீம் டிரைவர் ஸ்காட் மெக்லாஃப்லின் 2018லேர்ந்து 2020 வரைக்கும் தொடர்ந்து மூணு டைட்டில். அதுவும் அதே 17ஆம் நம்பர் கார்ல, டிக் ஓட்டின நம்பருங்க அது.