20 கிலோமீட்டர் சைக்கிள் டைம் ட்ரையல்: நீங்கள் எங்கே கோட்டை விட்டீர்கள்?

வாடைக்காற்று:
போன ஜனவரி, ஈசிஆர். கோவளம் தாண்டித் தெற்கே 10 கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். டைம் ட்ரையல் என்றால் தனித்தனியாக ஓட்டுவது, நேரம் குறைந்தவர் ஜெயிப்பார்; நிமிடத்துக்கு ஒருவராக விட்டார்கள். என்னிடம் மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டர் எல்லாம் கிடையாது, வேகம் காட்டும் கருவி மட்டும்தான். மூன்று, இரண்டு, ஒன்று என்றதும் பாய்ந்தேன். முதல் 2 கிலோமீட்டர் மணிக்கு 42 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, கால் வலிக்கவே இல்லை. இன்றைக்கு நம்ம நாள்தான் என்று நினைத்துக்கொண்டேன். வாடைதான் முதுகில் கைவைத்துத் தள்ளியிருக்கிறது என்பது கூம்பைச் சுற்றித் திரும்பியபோதுதான் புரிந்தது. போக 16 நிமிடம். வரும்போது 30ஐத் தொடுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

முதலைப் பண்ணை பக்கம் பின்னால் செயின் சத்தம். எனக்கு அடுத்த நிமிடத்தில் கிளம்பியவர். அறுபது வயதாவது இருக்கும், பழைய இரும்பு பைக். தாண்டும்போது பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்து, “தம்பி, தோளை இறக்கிக்கோங்க” என்றார். மூச்சுகூட வாங்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன், என் தோள் இரண்டும் காதைத் தொட்டுக்கொண்டிருந்தன. மொத்தம் 36:12. நேரம் கிடக்கட்டும், அந்தக் குரல்தான் இன்னும் உறுத்துகிறது.

தேம்ஸ்தமிழன்:
இங்கே இங்கிலாந்தில் 10 மைல்தான் எல்லோருக்கும் அளவுகோல், 16 கிலோமீட்டர் சொச்சம். கிளம்பும் இடத்தில் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொள்வார், இரண்டு காலையும் பெடலில் மாட்டியபடியே நிற்கலாம். என் முறை காலை 7:34. கார் நிறுத்தும் இடத்தில் டர்போவில், அதாவது சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் ஸ்டாண்டில், வார்ம் அப் செய்துகொண்டிருந்தேன், காதில் பாட்டு. கோட்டுக்கு வந்து சேர்ந்தபோது 40 நொடி போயிருந்தது. பிடித்துக்கொள்ள நின்றவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கணக்கு 7:34லிருந்தே ஓடும், யாருக்காகவும் நிற்காது. அந்த 40 நொடியை முதல் இரண்டு மைலிலேயே பிடித்துவிடப் பார்த்தேனே, அது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் போட்டியான டூர் டி பிரான்ஸில், 1989ல், அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் கடைசி நாள் 24.5 கிலோமீட்டர் டைம் ட்ரையலில் முந்தி, மொத்தப் போட்டியையும் 8 நொடியில் ஜெயித்தார். நான் 40 நொடியை உட்கார்ந்த இடத்திலேயே தொலைத்தவன்.

கணக்குப்பிள்ளை:
வாடைக்காற்று, காற்றின் மேல் பழியைப் போடாதீர்கள். 10 கிலோமீட்டரை 40 வேகத்திலும் அடுத்த 10ஐ 30 வேகத்திலும் போனால் சராசரி 35 வராது. 15 நிமிடமும் 20 நிமிடமும் சேர்ந்து 35 நிமிடம், அதாவது 34.3 தான். எதிர்க்காற்றில்தான் அதிக நேரம் கழிகிறது, அதனால் பலத்தையும் அங்கேதான் செலவழிக்க வேண்டும். இன்னொன்று. காற்றின் தடையைத் தள்ளத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 36லிருந்து 40க்குப் போக வேகம் 11 சதவீதம்தான் கூடுகிறது, காற்றுக்குக் கொடுக்கும் சக்தியோ 37 சதவீதம் கூடுகிறது. நீங்கள் 42ல் போன அந்த இரண்டு கிலோமீட்டருக்கு வட்டியோடு கட்டினீர்கள்.

வாடைக்காற்று:
பழி போடவில்லை சார். புரியவில்லை என்றுதானே எழுதினேன்? மூன்றாம் அடுக்கெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்?

இட்லிவாட்ஸ்:
என் கதை சின்னது. நம்பர் துணியை இரண்டே ஊக்கில் குத்தினேன், 20 கிலோமீட்டரும் முதுகில் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. அவ்வளவுதான்.

ஆனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லியே ஆக வேண்டும். நம்பரை நான்கு மூலையிலும் குத்துங்கள். சாப்பாட்டை இரண்டரை மணி நேரத்துக்கு முன்பே முடியுங்கள், நாலு இட்லி போதும், சாம்பாரில் குளிப்பாட்ட வேண்டாம். காபி பழக்கம் இருந்தால் குடியுங்கள், இல்லாதவர்கள் அன்றைக்குத் தொடங்காதீர்கள். வார்ம் அப் 20 நிமிடம், நடுவில் ஒரு நிமிடம் ஒரு நிமிடமாக மூன்று தடவை அழுத்தி மிதியுங்கள். வியர்வை காய்வதற்குள் கோட்டில் நிற்க வேண்டும். முதல் மூன்று நிமிடம் ‘இது ரொம்ப லேசா இருக்கே’ என்று தோன்றினால்தான் சரியான வேகம். கூம்புக்கு முன்பே கியரை இறக்கிவிடுங்கள், திரும்பிய பிறகு கனமான கியரோடு மல்லுக்கட்டாதீர்கள். டயரைக் கல் மாதிரி அடைக்காதீர்கள், சொரசொரப்பான ரோட்டில் குதித்தே வேகம் போய்விடும். அரை மணி நேரப் போட்டிக்குப் பாட்டில் வேண்டாம், கிளம்புமுன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள், போட்டி வேகத்தில், போட்டியில் குனிகிற மாதிரியே குனிந்து, பத்து நிமிடம் இரண்டு தடவை. நிமிர்ந்து உட்கார்ந்து பழகிவிட்டு அன்றைக்கு மட்டும் குனிந்தால் இடுப்பு ஒத்துழைக்காது. சீட் உயரத்தை முந்தைய நாள் இரவு

தேம்ஸ்தமிழன்:
அண்ணே, பாதியில் நின்றுவிட்டது. நிற்கட்டும்.

மலைக்குருவி:
நான் ஏலகிரி. போட்டி இல்லை, தோழிகள் நாலு பேர் ஒருவருக்கு ஒருவர் நேரம் பார்த்துக்கொண்டோம். கொண்டை ஊசி வளைவுகள் 14, எல்லாவற்றுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர். புலவர்கள் வரைக்கும் மற்றவர்களைத் திட்டிக்கொண்டே ஏறினேன், அவ்வளவு மெதுவாகப் போகிறார்களே என்று. பாரி வளைவில் கால் இறுகி நின்றே விட்டது. முல்லைக்குத் தேர் கொடுத்தவர், எனக்கு ஒரு மூச்சுகூடக் கொடுக்கவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மூன்று பேரும் பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். பேசிக்கொண்டே!

இட்லிவாட்ஸ்:
மலைக்கு வேறு மாதிரி. அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

மலைக்குருவி:
வேண்டாம் அண்ணா. வாடைக்காற்று, அந்தப் பெரியவர் எவ்வளவு நேரத்தில் முடித்தார்?

வாடைக்காற்று:
33:50. போக என்னைவிட 20 நொடி கூடுதலாக எடுத்திருக்கிறார், பலகையில் பார்த்தேன். முடித்த பிறகு தேடிப்போனேன். பைக்கை மரத்தில் சாய்த்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். பின்சக்கரத்துக்கு மேலே கேரியர் இருந்தது. அதைக் கழற்றவே இல்லை.