உருளை வடிவில் வந்த மேகம்: எந்த வகையில் சேர்ப்பது?

கேள்வி (மன்னார்குடிப் பக்கம்):
குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு புரட்டாசி மாலையில், வடக்கு தெற்காக நீண்ட, தாழ்வான, சுருட்டிய பாய் போன்ற மேகம் ஒன்று மேற்கிலிருந்து எங்கள் ஊரை நோக்கி வந்தது. அது தலைக்கு மேல் வந்ததும் புழுக்கம் நீங்கிக் குளிர்ந்த காற்று பலமாக வீசியது. களத்து நெல்லைத் தார்ப்பாயால் மூடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஊரில் சிலர் இதைச் சூறாவளி என்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கார்பென்டாரியா வளைகுடாவில் தோன்றும் ‘மார்னிங் குளோரி’ மேகத்தின் படமும் ஏறக்குறைய இப்படியே இருக்கிறது. இது எந்த வகை?

மறுமொழி 1:
சூறாவளி அன்று, ஐயா. சுழற்காற்றின் தூண் மேகத்திலிருந்து தரை நோக்கி இறங்கும். தாங்கள் கண்டது கிடைமட்டமாகப் படுத்திருக்கிறது. உருளைக்கும் அதன் பின்னால் வந்த மழைமேகத்துக்கும் இடையே வெளிவானம் தெரிந்ததா என்பதைச் சொன்னால் மேற்கொண்டு பிரிக்கலாம்.

கேட்டவர்:
இடைவெளி இல்லை. உருளையின் மேற்புறம் பின்னாலிருந்த கரிய மேகத்தோடு ஒட்டியிருந்தது; அடிப்புறம் கிழிந்த துணிபோல் தொங்கியது. இடியும் கேட்டது.

மறுமொழி 1:
அப்படியானால் அது ஆர்க்கஸ். இடிமேகமான குமுலோநிம்பஸிலிருந்து மழையோடு இறங்கும் குளிர்காற்று, தரையில் மோதி முன்னோக்கிப் பரவும்போது, எதிரே உள்ள ஈரமான வெப்பக்காற்றின் அடியில் ஆப்புப்போல் நுழைந்து அதை மேலே தள்ளுகிறது. மேலேறிய காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி இவ்வாறு மேகமாகிறது. தாங்கள் உணர்ந்த குளிர்ச்சி அந்தக் காற்றுதான். மார்னிங் குளோரி எந்த மேகத்தோடும் ஒட்டாமல் தனித்து உருளும் வகை. உலக வானிலை அமைப்பு 2017-இல் புதுப்பித்த மேக வரைபடத் தொகுப்பு அதை வால்யூட்டஸ் என்ற தனி இனமாகச் சேர்த்தது. ஆர்க்கஸோ தனி இனம் அன்று, தாய்மேகத்தின் துணைக்கூறு மட்டுமே. ஆகவே குறிப்பேட்டில் ‘குமுலோநிம்பஸ், ஆர்க்கஸுடன்’ என்று எழுதுங்கள்.

மறுமொழி 2 (வேதாரண்யம்):
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் பக்கம் பிற்பகலில் கடற்காற்றின் முகப்பிலும் வரிசையாக மேகம் திரள்வதுண்டு. ஆனால் அது கிழக்கிலிருந்து உள்நாட்டை நோக்கி நகரும். பெரும்பாலும் இடி இருக்காது. எனவே படத்துடன் திசையையும் நேரத்தையும் குறித்துவைப்பது நல்லது. அதைவிட முக்கியம், இடி கேட்டுவிட்டால் படம் எடுக்கத் திறந்த வயலில் நிற்காதீர்கள். நெல் நனைந்தால் மறுபடியும் காயவைத்துக்கொள்ளலாம்.

கேட்டவர்:
தெளிவாயிற்று. ஆர்க்கஸ் என்றே பதிவு செய்கிறேன், இருவருக்கும் நன்றி.